நீல உதட்டுச் சிப்பியும் கொப்பர் மருந்தும்

எனக்கு வந்த கல்யாணப் பரிசுகளில் ஒன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது. மூன்று சுவர்க் கடிகாரங்கள், ஒரு டசின் கிளாஸ், ரோஜாப்பூப் போட்ட பிளாஸ்க், அப்புறம் ஒரு சிப்பி. கடிகாரங்கள் மூன்றும் மூன்று நேரம் காட்டின. சிப்பி எந்த நேரத்தையும் காட்டாமல், மூடி போட்ட வாளிக்குள், என் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, நீர்கொழும்பிலிருந்து தெரணியகலைக்கு மூன்று பஸ் மாறி வந்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் கொழுந்தெடுக்கப் பிடிக்காவிட்டால் கார்மென்ட்ஸுக்குப் போவார்கள். இல்லையென்றால் கொழும்பில் யார் வீட்டுக்காவது சமைக்கப் போவார்கள். எனக்கு ஓரிடத்தில் கால் நிற்காது, யாரும் போன வழியில் போகவும் பிடிக்காது. நீர்கொழும்பில் அலங்கார மீன்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு யார்டில் போய் விழுந்தேன். ஐந்து வருடம். பொலித்தீன் பைக்குள் மூன்றில் ஒரு பங்கு கடல், மீதி காற்று, நடுவில் ஒரு மீன். வாயைத் திருகி ரப்பர் வளையம் போடவேண்டும். காலையிலிருந்து மாலைவரை நான் கடலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். மஞ்சள் கடல், ஊதாக் கடல், வரிவரியாய் ஒரு கடல், முள்ளை விறைத்துக்கொண்டு என்னை முறைக்கிற ஒரு கடல்.

அந்த யார்டில் இரண்டு அறைகள். ஒன்றில் மீன்கள். மற்றதில் சிப்பி, இறால், கடல் பூ, எலும்பில்லாத உயிர் எல்லாம். மீன் அறை வாளி சிவப்பு, சிப்பி அறை வாளி வெள்ளை. சிவப்பு வாளி வெள்ளை வாளியின் பக்கம் போய்விட்டால் எங்கள் சூப்பர்வைசர் நோனா சிங்களத்தில் ஒரு மூச்சு, தமிழில் ஒரு மூச்சு திட்டுவாள். காரணம் எளிது. மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் போடுகிற மருந்து கொப்பர், அதாவது செம்பு உப்பு. மீன் பிழைக்கும். அதே தண்ணீர் ஒரு துளி சிப்பியின் மேல் பட்டால் சிப்பி வாய்பிளந்துவிடும். இதில் முதல் பாதியைக் கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரிடம் கதையோடு கதையாகச் சொன்னேன். இரண்டாவது பாதியைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசிலடித்துவிட்டது, அவ்வளவுதான்.

சிப்பியின் ஓட்டில் ஒரு ஓரம் உடைந்திருந்தது. அதனால் விலைக்குப் போகாது. நான் வேலையை விட்டுப் போகிறேன், கல்யாணம் என்று தெரிந்ததும் நோனா அதை வாளியில் போட்டு என் கையில் கொடுத்தாள். விரித்த என் உள்ளங்கை அளவு. மூடியிருந்தால் வெறும் கல். திறந்தால்தான் தெரியும்: ஓட்டின் விளிம்பு நெடுக நீல உதடு, நெளிநெளியாய், உள்ளே பச்சைப் பொட்டுகள், வெயில் பட்டால் உதடு தானாகவே எரிகிற மாதிரி இருக்கும். மயில் கழுத்தைப் பிசைந்து அடுப்பில் வைத்தால் இப்படி ஊற்றெடுக்குமோ என்று அந்த நாளில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தேன். இன்றைக்குப் படித்தால் சிரிப்பு வருகிறது. மயிலை யார் பிசைவார்கள்?

அவிசாவளைக்கு முன்னால் ஒரு சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய்ப் பையன் வாளியைப் பார்த்தான்.

“மேக்க மொகக்த?” இது என்ன என்று கேட்டான்.

“பெல்லெக், மஹத்தயா,” என்றேன். சிப்பி, நத்தை எல்லாவற்றுக்கும் சிங்களத்தில் அந்த ஒரே சொல்தான்.

மூடியைத் திறந்தான். அந்த நேரம் பார்த்துச் சிப்பி திறந்திருந்தது. துப்பாக்கியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக் குனிந்தான். பிறகு இன்னொருவனைக் கூப்பிட்டான். பிறகு அவர்கள் பெரியவரைக் கூப்பிட்டார்கள். வெயிலில் நின்ற ஐம்பது பேரும் “யாரோட வாளிப்பா அது?” என்று முணுமுணுக்க, மூன்று சீருடைத் தலைகள் என் கல்யாணப் பரிசின் மேல் கவிழ்ந்து கிடந்தன. கடைசியில் பெரியவர் மூடியைத் தானே பத்திரமாக மூடி, ஆடாமல் கொண்டுபோ என்று சைகை காட்டினார்.

மலைநாட்டில் கடல் சிப்பியை எங்கே வளர்ப்பது என்று கேட்பீர்கள். தெரணியகலை டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் புடவைக் கடை. கொழும்பில் ஏதோ ஹோட்டலில் பார்த்து ஆசைப்பட்டு, கடைக்கு நடுவில் நான்கடி நீளத்துக்கு ஒரு கடல் தொட்டி வைத்திருந்தார். தாய்மார் சீலை பார்க்கும் நேரம் பிள்ளைகள் தொட்டியைப் பார்க்கும்; அழாது. ஆனால் தொட்டியில் மாதா மாதம் மீன் செத்தது. எனக்கு மாப்பிள்ளை பேசியபோது, அவர் தோட்டத்து மேல் டிவிசனில் தேயிலைக்கு மருந்தடிக்கிற கங்காணி, சொந்தமாக ரேடியோ இருக்கிறது என்பதோடு, “டவுன்ல ஒரு கடையில கடல் தொட்டி இருக்கு, பாத்துக்க ஆள் தேடுறாங்க” என்றும் சொன்னார்கள். நான் தலையாட்டியது எதற்கு என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கடல் தண்ணீர் லொறியில் வந்தது. நானாவின் மச்சான் ரப்பர் சீட்டு ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார். திரும்பும்போது நீல கேன்களில் கடல் ஏறி வரும். வளைவுக்கு வளைவு அது கேனுக்குள் தளும்புகிற சத்தம் கேட்குமாம். மழைக்குப் பேர்போன ஊருக்கு லொறியில் தண்ணீர் கொண்டுவருகிற ஒரே மனிதர் என்று எல்லாரும் அவரைக் கேலி செய்தார்கள்.

நான் பாதி நேரம் சீலை மடித்தேன், பாதி நேரம் தொட்டியைப் பார்த்தேன். சிப்பியை முன் கண்ணாடிப் பக்கம், தெருவெயில் விழுகிற மூலையில், ஒரு கல்லின் மேல் வைத்தேன். வெயிலைத் தின்கிற பிராணி அது. உடம்புக்குள்ளேயே பாசியை வளர்த்து, அதைச் சமைக்க வெயிலை வாங்கிக்கொள்ளும். தெரணியகலையில் வெயில் எத்தனை நாள் கிடைக்கும்? மீதி நாளுக்கு நானா நான்கு டியூப் லைட்டைத் தொட்டிக்கு மேல் இறக்கிக் கட்டினார்.

“ஒண்ட சிப்பிக்கி எண்ட கல்யாண மண்டபத்த விட வெளிச்சம் ஈக்கி, புள்ள,” என்றார். நம் ‘இருக்கு’ அவர் வாயில் எப்போதும் ‘ஈக்கி’தான்.

நன்றாகத்தான் போனது. நானா கொழும்புக்குப் போய்வரும் வரைக்கும்.

அவர் மீன் வாங்குவது நாம் மிட்டாய் வாங்குவது மாதிரி. அழகாக இருந்தால் போதும். ஒருநாள் மஞ்சளும் கறுப்புமாய், கூர்மூக்கோடு ஒரு வண்ணத்துப்பூச்சி மீனைக் கொண்டுவந்து, என்னைக் கேட்காமலே தொட்டிக்குள் விட்டுவிட்டார். அது தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு சிப்பியிடம் வந்து நின்று, நாகரிகமாக, ஒரு கொத்து. சிப்பி படக்கென்று மூடிக்கொண்டது. மெல்லத் திறந்தது. இன்னொரு கொத்து. அந்த மீனுக்குச் சிப்பி உதடு என்றால் நமக்கு மாங்காய் வத்தல் மாதிரி. இப்படியே ஒரு வாரம் போனால் சிப்பி திறக்கவே பயந்து, வெயில் வாங்காமல், பட்டினியில் சாகும்.

“நானா, இத எடுக்கணும்.”

“எனத்துக்கு? அது முத்தம் குடுக்குது.”

“முத்தமில்ல நானா, கடிக்குது.”

“கல்யாணமான புதுசுல அப்பிடித்தான் புள்ள ஈக்கும்.”

கடையிலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வந்த வெட்கத்தில் வலையை எடுத்தேன். கல்லும் பொந்துமான தொட்டியில் ஒரு மீனைப் பிடிப்பது கூட்டத்தில் செருப்பைத் தேடுகிற மாதிரி. ஒரு மணி நேரம். வலப்பக்கம் ஓடுது, மேல போகுது, அந்தா அந்தா என்று வாடிக்கையாளர் எல்லாரும் பக்கம் பிரிந்து சத்தம் போட்டார்கள். பாதிப்பேர் மீனின் கட்சி. பிடித்துப் பையில் போட்டபோது கைதட்டினார்கள். அன்றைக்குக் கடையில் ஒரு சீலையும் விற்கவில்லை.

அப்புறம் ஒரு சோடிக் கோமாளி மீன். அதுகள் கடிக்காது. ஆனால் படுக்க மெத்தை தேடும். சிப்பியின் உதட்டையே மெத்தையாக்கி, உடம்பைத் தேய்த்துத் தேய்த்துப் புரளும். தூங்கவிடாத சின்னப்பிள்ளைகள் மாதிரி. சிப்பி பாதி மூடியே கிடந்தது. கடலில் அதுகள் குடியிருக்கிற கடல் பூ ஒன்றை வரவழைத்து எதிர்மூலையில் வைத்தேன். இரண்டே நாளில் அதுகள் குடிமாறிப் போயின. ஒரே தொட்டியில் மீனையும் சிப்பியையும் வைப்பது கூட்டுக் குடும்பம் நடத்துவதுதான். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஒருவருடைய சாப்பாடு மற்றவருடைய உடம்பு, ஒருவருடைய விளையாட்டு மற்றவருடைய தூக்கம். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து வேறு: ஒருவருடைய மருந்து மற்றவருக்கு விஷம்.

நானாவின் செல்லம் கடைசியாக வந்தது. இளநீல உடம்பு, கறுத்த முகம், முதுகு நெடுக எலுமிச்சை மஞ்சள், வாலடியில் கத்தி மாதிரி ஒரு முள். கத்தி மீன் என்றோம். சிப்பியைத் தொடாது, பாசியை மட்டும் மேயும். நானா தினமும் கடை திறந்ததும் அதற்கு சலாம் சொல்லுவார். அதைப் பார்க்கவே தெஹியோவிட்டவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆனால் யார்டில் இந்த மீனைக் கண்டாலே நாங்கள் பெருமூச்சு விடுவோம். வெள்ளைப் புள்ளி உலகத்தில் எங்கே கிடந்தாலும் முதலில் இதன்மேல்தான் வந்து உட்காரும்.

உட்கார்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பார்க்கிறேன், உடம்பெல்லாம் உப்பு தூவின மாதிரி. கல்லில் உராய்ந்து உராய்ந்து நீந்துகிறது. கத்தி மீனை வெளியே எடுத்து, தனி வாளியில், தனித் தண்ணீரில் வைத்துத்தான் மருந்து கொடுக்கவேண்டும். தொட்டிக்குள் கொடுத்தால் சிப்பி செத்துப்போகும். செத்த சிப்பி ஒரே நாளில் தொட்டித் தண்ணீர் முழுவதையும் அழுக வைத்துவிடும். பிறகு மீனும் இல்லை. கையில் இரண்டு கேன் தண்ணீர்தான் இருந்தது. வாரக்கணக்கில் தண்ணீர் மாற்ற அது போதாது. மண் சரிந்து லொறி கீழே நின்றுவிட்டது. திங்கட்கிழமை வரும் என்றார்கள்.

அதற்குள் எனக்குக் கொடகவெலவில் அம்மா வீட்டுக்குப் போயே ஆகவேண்டியிருந்தது. தங்கச்சி பெரியவளாகியிருந்தாள், சடங்கு. அக்கா போகாமல் முடியாது. கிளம்பும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன்:

“சாயந்திரம் போய் ஒரு சிட்டிக தீனி மட்டும் போடுங்க. தொட்டிக்குள்ள வேற எதையும் போட்டுறாதீங்க. மருந்து குடுக்கிறத நான் வந்து பாத்துக்கிறேன்.”

“சரி சரி, ஒன் சிப்பிய நான் திங்கமாட்டேன், போ.”

அவரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். முதுகில் மருந்து டேங்க்கை மாட்டிக்கொண்டு, பத்துப் பேரை வரிசையில் விட்டு, மழை விட்ட இடைவெளியில் மலைமேல் ஏறி இறங்குகிற மனிதர். தேயிலைத் துளிரில் வெள்ளைக் கொப்புளம் எழும்பும், பிளிஸ்டர் என்பார்கள். இரண்டு கண்களால் பார்ப்பதற்கு முன்னால் அவர் மூக்காலேயே கண்டுபிடித்துவிடுவார். அதற்கு மருந்து கொப்பர். எந்த மலைக்கு எவ்வளவு, எந்த மழைக்குப் பிறகு எத்தனையாம் நாள், எல்லாம் விரல் நுனியில். விரல் நுனி என்றால் நிஜமாகவே: நகக்கண்ணில் எப்போதும் ஒரு பசிய நீலம். வெள்ளைப் புள்ளி என்று கண்டால் அவர் கை தானாகக் கொப்பருக்குப் போகும். போதாததற்கு, யார்டிலும் அதைத்தான் போடுவார்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல், பலகாரப் பையோடு நேரே கடைக்குள் நுழைந்தேன். நானா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“புள்ள, ஒண்ட மாப்புள டொக்டர்! வந்து பாரு!”

கத்தி மீன் பளபளவென்று இருந்தது. ஒரு புள்ளி இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர், சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கைகட்டி நின்றார்.

“நேத்துக் காலையில போட்டேன். ஒரே சிட்டிக. நம்ம பிளிஸ்டர் மருந்து. இன்னைக்கு மொகத்த பாரு, மாப்பிள்ள மாதிரி இருக்கான்.”

நான் சிப்பியைப் பார்த்தேன்.

வாய் பிளந்திருந்தது. திறந்திருப்பது வேறு, பிளந்திருப்பது வேறு. பூட்டாத கதவுக்கும் பெயர்ந்த கதவுக்கும் உள்ள வித்தியாசம். உதடு சுருங்கி ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. நீலம் போய்ச் சாம்பல். நான் கையை உயர்த்தித் தொட்டிக்கு மேல் வீசினேன். உயிருள்ள சிப்பியின் உதட்டோரத்தில் பொடிப்பொடியாய் நிறையக் கண்கள் உண்டு. நிழல் விழுந்தால் சுருங்கும். பசியில்லாத குழந்தை கரண்டியைக் கண்டதும் உதட்டை இறுக்குகிற மாதிரி. என் கை நிழல் அதன் மேல் போய் வந்தது. சிப்பி சும்மா கிடந்தது.

“வேற எதையும் போடாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?”

“மருந்தும் அந்த ‘வேற எதையும்’ல சேருமா?”

நான் பலகாரப் பையைக் கீழே வைத்தேன். அழுகை வரவில்லை. ஐந்து வருட வேலை கையிலிருந்து தானாகவே எழுந்தது. “கேன் தண்ணிய எடுங்க. நானா, புதுப் பேசின் ஒண்ணு வேணும், எனாமல். பக்கத்துத் தையல்காரர்கிட்ட பிளேடு வாங்குங்க. புதுசா, கழுவினதா.”

மூன்று பேரும் ஓடினோம். சிப்பி வயிற்றடியிலிருந்து மயிரிழை மாதிரி நூல் விட்டுக் கல்லைப் பிடித்திருக்கும். இழுத்தால் சதை கிழிந்து செத்துவிடும். கையை முழங்கைக்கு மேல்வரை விட்டு, கண்ணால் பார்க்காமல், விரலால் பார்த்து, ஒவ்வொரு நூலாக அறுத்தேன். பின்னால் சீலை வாங்க வந்த ஒரு அம்மா, “பிரசவம் பாக்குற மாதிரியில்ல பாக்குது” என்றாள். தூக்கினேன். கனமே இல்லாத மாதிரி இருந்தது. எனாமல் பேசினில், சுத்தமான கடலில், இறக்கினேன். காற்றுக் குழாயைப் போட்டேன்.

“மௌத்தாப் பெய்த்தா?” என்றார் நானா மெதுவாக.

“செத்துடுச்சான்னு தெரியல நானா.”

“இன்னும் நாறல்ல. அல்லாஹ் ஈக்கிறான்.”

என் வீட்டுக்காரர் பேசினின் அந்தப் பக்கம் குந்தி, தன் நகக்கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தை எல்லாம் அவர் தலையில் கொட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சொன்னது என்னவோ, அன்றைக்குக் குக்கர் விசிலில் விட்டுப்போன மீதிக் கதை. கொப்பர் மீனைக் கொல்லாது, அளவாகப் போட்டால். புள்ளிப் பூச்சியைக் கொல்லும். அந்தப் பூச்சிக்கு முதுகெலும்பு இல்லை. சிப்பிக்கும் இல்லை, இறாலுக்கும் இல்லை, கடல் பூவுக்கும் இல்லை. முதுகெலும்பு இல்லாத எதற்கும் அது ஆகாது.

என் வீட்டுக்காரர் நகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“அப்ப நம்ம கணக்கப்பிள்ளைக்கும் ஆகாதுன்னு சொல்லு.”

சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நானா முதலில் சிரித்துவிட்டார். பிறகு நானும். பேசினுக்குள் சாகக் கிடக்கிற உயிரை வைத்துக்கொண்டு மூன்று பேர் சிரித்தது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. சிரித்து முடித்ததும் என் வீட்டுக்காரர், “ஏன் புள்ள இத மொதல்லயே சொல்லல?” என்றார். கோபமாக இல்லை. அதுதான் சுட்டது.

கேட்டது நியாயம். பாதி மருந்தை அவர் போட்டார், பாதி மருந்தை நான் சொல்லாமல் போட்டேன்.

அடுத்த இரண்டு நாள் நான் செய்தது ஒரே வேலை: பேசின் தண்ணீரை ஒரு சொம்பு எடுப்பது, கேன் தண்ணீரை ஒரு சொம்பு ஊற்றுவது. பிளாஸ்டிக் சொம்புதான். கேன்கள் தீர்ந்துகொண்டே வந்தன. லொறி திங்கட்கிழமைதானே என்றால், திங்கட்கிழமை வந்து போனது, லொறி வரவில்லை. செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரர் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, மண் சரிந்த இடம்வரை நடந்து போனார். அந்தப் பக்கம் நின்ற லொறியிலிருந்து ஒரு கேனை இறக்கி, சேற்றில் தோளில் சுமந்து, இந்தப் பக்கம் ஒரு திரீவீலரில் ஏற்றிக்கொண்டு பகல் சாப்பாட்டுக்கு முன்னால் வந்து சேர்ந்தார். தேயிலை மருந்துத் தண்ணீர் சுமந்த அதே தோள். முட்டிவரை சேறு.

“கடலு இம்புட்டுக் கனமா இருக்கும்னு நெனக்கல,” என்றார்.

வாசலில் நின்று பார்த்த மூக்குத்தித் தொங்கட்டான் விற்கிற பெண் கேட்டாள், “ஒரு சிப்பிக்காண்ணே இந்தப் பாடு? ஆத்துல கெடக்கே கூட கூடயா.”

“அது வேற இது வேற தங்கச்சி. இது எங்க வீட்டுச் சீதனம்.”

முதல் தடவையாக அப்படிச் சொன்னார். அதுவரை “ஒன் சிப்பி.”

அந்த ஈரநாட்களிலே நான் எவ்வளவோ தடவை கையை வீசினேன். நிழல் போகும், வரும். சிப்பி அசையாது. நாறவும் இல்லை, பிளந்த வாய் இன்னும் பிளக்கவும் இல்லை. இடையில் ஒரு நிலை அது. பெயரில்லாத நிலை. மனிதருக்கும் வரும், காய்ச்சல் இறங்கும் முன்னால், கடிதம் பிரிக்கும் முன்னால்.

புதன்கிழமை மழை விட்டது. தெருவின் அந்தப் பக்கச் சுவரில் வெயில் ஏறி, வழுக்கி, எங்கள் கடை வாசலில் விழுந்தது. பேசினை வெயிலுக்கு நகர்த்தலாம் என்றேன். என் வீட்டுக்காரர் உடனே குனிந்தவர், நின்றார். வலது கையைப் பார்த்தார். அதில் எப்போதும் ஒரு செப்புக் காப்பு கிடக்கும். கோயிலில் மந்திரித்துப் போட்டது, கல்யாணத்துக்கு முன்னாலிருந்து கழற்றியதே இல்லை. இப்போது சோப்புப் போட்டு, முழங்கையை நெஞ்சில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக் கழற்றினார். நானாவின் மேசையில் வைத்தார். குழாயடியில் போய்ச் சோப்பு வாசனையே போகும்வரை கையைக் கழுவினார். பிறகுதான் பேசினின் விளிம்பைத் தொட்டார்.

வாசலுக்கு நகர்த்தினோம். வெயில் தண்ணீருக்குள் இறங்கி, எனாமலில் வலை வலையாய் ஆடியது. ஒரு கடலுக்குத் தேவையானது அவ்வளவுதான் போலும்: கொஞ்சம் உப்பு, கொஞ்சம் வெயில், ஆடுவதற்கு ஒரு அடி. மூன்று பேரும் குந்தினோம். எவ்வளவு நேரமோ. நானா இரண்டு வாடிக்கையாளரைக் கையாலேயே காத்திருக்கச் சொன்னார்.

உதட்டின் ஒரு ஓரத்தில், உடைந்த ஓட்டுக்குப் பக்கத்தில், மெல்லிய நீலக்கோடு ஒன்று வெளியே வந்தது. அது என் கண்ணின் ஆசையா என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர் சரியாகப் பார்க்கத் தலையை நீட்டினார். அவருடைய பெரிய தலையின் நிழல் பேசினுக்குள் விழுந்தது.

சிப்பி சுருங்கியது.

“ஏய்! மூடுச்சு! என்னயப் பாத்து மூடுச்சு!” வாசலில் எழுந்து நின்று கத்தினார்.

“ஒன்னப் பாத்தா எதுதான் மூடாது,” என்றார் நானா. கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஏலக்காய்த் தூசி என்று அப்புறம் சொன்னார். புடவைக் கடையில் ஏலக்காய் ஏது?

சிப்பியைப் பழைய தொட்டிக்கு விடவே முடியாது. போட்ட கொப்பர் தண்ணீரோடு போகாது. கல்லிலும் மணலிலும் ஊறிக்கொண்டு, வருடக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். யார்டில் கொப்பர் பட்ட தொட்டியில் சிப்பி வைக்கவே மாட்டார்கள். கடல் பூவும் அதில்தான் கரைந்து போயிற்று. கோமாளிச் சோடி கல் பொந்துக்குக் குடிபோனது. ஒரு விஷயத்தில் என் வீட்டுக்காரர் சொன்னது சரி: கத்தி மீனுக்குப் புள்ளி திரும்பி வரவில்லை. புள்ளி தானாகவே விழுந்து பத்து நாளில் பத்து மடங்காகத் திரும்பும் சாதி. அது வரவில்லை என்றால் மருந்து வேலை செய்திருக்கிறது. நான் அதை அவரிடம் ஒத்துக்கொள்ள ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன்.

நானா முன் கண்ணாடிப் பக்கம் பொம்மைக்குச் சீலை கட்டி நிறுத்தியிருந்த இடத்தைக் காலி செய்தார். பொம்மை உள்ளே போனது. அந்த இடத்தில் சின்னத் தொட்டி ஒன்று வந்தது, புதுக் கல், புது மணல், வெள்ளை வாளி. உள்ளே சிப்பி ஒன்றே ஒன்று, தனிக்குடித்தனம். நடுவில் பெரிய தொட்டி, மீன்களோடு, சிவப்பு வாளியோடு. இரண்டுக்கும் இடையில் எட்டடி சீலைத் துணி. வாளி மாறினால் நான் நோனாவைவிட நன்றாகத் திட்டினேன். சிங்களத்தில் ஒரு மூச்சு, தமிழில் ஒரு மூச்சு, நானாவுக்காக நடுவில் கொஞ்சம் மரியாதை.

என் வீட்டுக்காரர் மலையிலிருந்து இறங்கியதும் தினமும் கடைக்கு வருவார். நுழைந்ததும் காப்பைக் கழற்றி மேசையில் வைப்பார், கை கழுவுவார், பிறகு சின்னத் தொட்டியின் முன் போய் நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து நிழல் விட்டுப் பார்ப்பார். சிப்பி சுருங்கும். திறக்கும். அவருக்கு அது போதும்.

ஒருநாள் நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா மேசையிலிருந்த காப்பை எடுத்துப் பார்த்து, “நானா, இது என்ன வெல?” என்று கேட்டது காதில் விழுந்தது.

“அது விக்கிறதுக்கில்ல, தங்கச்சி,” என்றார் நானா. “அந்தப் புள்ளட மாப்புள சிப்பி பாக்க வந்தீக்கி. கொஞ்சத்துல வந்து போட்டுக்கொள்ளும்.”